பிடி விட்ட முடி பேண்டு: ஐந்து டஜன் ஸ்க்ரஞ்சிகளின் நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலை அடுத்த ஓர் ஊரில் வீட்டிலிருந்தே தைக்கும் மூன்று பெண்கள், ஓணத்துக்கு முன்னால் ஒரு ஃபேன்சி கடைக்கு ஐந்து டஜன் துணி முடி பேண்டு தைத்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஸ்க்ரஞ்சி என்று கேட்டு வாங்கும் சாமான்தான் அது. துணிக் குழாய்க்குள் எலாஸ்டிக் வளையம் இருக்கும், துணி சுருக்கம் சுருக்கமாகத் திரண்டு நிற்கும். மொத்தம் 60. அதில் 24 பிளவுஸ் துணியான ரூபியா காட்டன், 24 சாட்டின், 12 கசவு, அதாவது ஜரிகைக் கரை, வைத்த வெள்ளைப் பருத்தி. ஐந்து வாரத்துக்குள் 19 திரும்பி வந்தன. கடையில் சொன்ன குறை ஒன்றே ஒன்று, எலாஸ்டிக் சரியில்லை. வாங்கிய பிள்ளைகளும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்: "நாலு நாளுதான் கெட்டினேன்க்கா, அதுக்குள்ள தொங்கிட்டு."

விலை கூடிய எலாஸ்டிக் வாங்கி மறுபடி தைத்துவிடலாம் என்பதே அவர்கள் முதலில் நினைத்தது. அப்படிச் செய்திருந்தால் பணமும் போயிருக்கும், குறையும் அப்படியே இருந்திருக்கும். வாங்குவதற்கு முன் திரும்பி வந்த 19-ஐயும் பிளேடால் பிரித்துப் பார்த்ததுதான் நல்லதாயிற்று.

தொங்கிப்போனவை 11. அவற்றில் ஏழில் எலாஸ்டிக் புதிது போலவே இருந்தது. முடிச்சுதான் அவிழ்ந்தோ நழுவியோ கிடந்தது. மீதி நாலில்தான் ரப்பர் உண்மையிலேயே செத்துப்போயிருந்தது. இன்னொரு நாலு பேண்டில் எலாஸ்டிக்கில் ஒரு பழுதும் இல்லை, துணியின் தையல் விட்டிருந்தது. இரண்டு சாட்டினில் தையல் அப்படியே நிற்க, துணியின் நூல் பிசிறிப் பிசிறித் தையலை விட்டுக் கழன்று வந்திருந்தது. கடைசி இரண்டும் சாயம் ஒட்டியவை. ஆக, எலாஸ்டிக் மேல் பழி போட வேண்டியவை 19-ல் நாலுதான். பிரித்துப் பார்க்காமல் பேண்டைக் கையில் வைத்து இழுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. தொங்கிப்போனவை எல்லாமே வெளியே ஒரே மாதிரி தொளதொளவென்றுதான் இருக்கும்.

முடிச்சு ஏன் அவிழ்ந்தது

போட்டிருந்தது கால் இன்ச்சில் பாதி அகலமுள்ள மெல்லிய எலாஸ்டிக். 2020-ல் ஊரெல்லாம் முகக்கவசம் தைத்த நாளில் காதுக்கு வாங்கி மிஞ்சிய உருண்டை. இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து ஒரே ஒரு முடிச்சு, வால் அரை இன்ச்சுக்கும் குறைவு. கைக்கு அது இறுக்கமாகத்தான் தெரியும். ஆனால் எலாஸ்டிக்கை இழுத்தால் நீள்வதோடு மெலியவும் செய்யும். முடிச்சுக்குள் இருக்கும் பகுதியும் சேர்ந்து மெலியும். இழுக்கும்போது முடிச்சில் இடம் உண்டாகும், விடும்போது அது முழுக்கத் திரும்ப இறுகுவதில்லை. ஒரு முறை முடி கெட்ட இரண்டு அல்லது மூன்று சுற்று இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை அவிழ்த்துக் கெட்டினால் வாரத்துக்கு நாற்பது இழுப்பு தாண்டிவிடும். ஒவ்வொரு இழுப்பிலும் வால் ஒரு நூலிழை அளவு உள்ளே போகும்.

இதற்கு மேல் தேங்காய் எண்ணெய். குமரி மாவட்டத்தில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் முடி கெட்டும் வீடு குறைவு. எண்ணெய் துணி வழியே உள்ளே இறங்கி முடிச்சை வழுக்கலாக்குகிறது. ஒரே உருண்டையிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, இரண்டிலும் அதே முடிச்சைப் போட்டு, ஒன்றில் மட்டும் எண்ணெய் தடவி, இரண்டையும் மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள். எண்ணெய் தொட்டது முதலில் கழன்றது. யாரும் வீட்டில் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கக் கூடிய சோதனை இது. செய்து பார்த்தவர் மறுபடி ஒற்றை முடிச்சு போட மாட்டார்.

முடிச்சுதான் போட வேண்டும் என்றால், வலம் இடமாக ஒன்று, இடம் வலமாக ஒன்று என எதிரெதிராக இரண்டு முடிச்சு வேண்டும். இரண்டையும் ஒரே திசையில் போட்டால் நழுவும். வால் முக்கால் இன்ச்சாவது விட வேண்டும். பிறகு வாலை எலாஸ்டிக்கோடு சேர்த்து நாலைந்து ஊசிக் குத்து. ஆனால் கால் இன்ச் பட்டை எலாஸ்டிக்கில் முடிச்சு போட்டால் துணிக்குள் ஒரு கட்டி நிற்கும், பின்னலில் அழுத்தும், படுத்தால் உறுத்தும். பட்டை எலாஸ்டிக்குக்கு முடிச்சே வேண்டாம், தைத்து இணைப்பதுதான் முறை.

தைக்கும் விதத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பது இங்கேதான். ஒரு முனை மேல் இன்னொரு முனையை அரை இன்ச் ஏற்றி வைக்க வேண்டும். முனையோடு முனை முட்ட வைத்துத் தைக்கக் கூடாது. ஜிக்ஜாக் உள்ள மிஷின் என்றால் நடுத்தர அகலத்தில், முன்னும் பின்னுமாக மூன்று முறை ஓட்டினால் போதும். பெரும்பாலான வீடுகளில் இருப்பது நேர்த்தையல் மட்டுமே போடும் கால் மிஷின். அதில், ஏறிக் கிடக்கும் அரை இன்ச்சுக்குள் ஒரு சின்னக் கட்டம் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட வேண்டும். பிளவுசுக்கு ஓட்டும் அதே நெருக்கமான தையலை இதில் போட்டால் கெடும். பின்னல் எலாஸ்டிக்குக்குள் ரப்பர் இழைகள் ஓடுகின்றன. ஊசி ஒவ்வொரு குத்திலும் அதில் ஒன்றிரண்டை அறுக்கிறது. ஒரே கோட்டில் நெருக்கமாகக் குத்தினால் அந்தக் கோட்டிலேயே அது கிழியும், தபால் தலையின் ஓட்டை வரிசையில் கிழிவது போல. தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. முனை உருண்ட ஊசி கிடைத்தால் அதையே போடலாம், அது இழையைக் குத்தாமல் விலக்கிவிட்டு இறங்கும். மிஷினே வேண்டாம் என்பவர், இரட்டை நூல் கோத்துக் கையால் நாலு ஓரமும் சுற்றித் தைத்தாலும் நன்றாகவே நிற்கும். மூன்று வழியிலும் இறுதியில் ஒரு சோதனை உண்டு. வளையத்தைத் துணிக்குள் மூடுவதற்கு முன் இரண்டு கையாலும் முழுக்க இழுத்து, பத்து தடவை விட வேண்டும். அறுவதானால் அப்போதே அறட்டும்.

செத்த ரப்பர்

ரப்பர் செத்துப்போன அந்த நாலின் கதை வேறு. குலசேகரம், கீரிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு எண்ணெயும் ரப்பரும் ஒத்துப்போகாது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி, பிசுபிசுத்து, வலு இழக்கும். வெயிலும் காற்றும் பட்டால் உலர்ந்து வெடிக்கும். பல வருடம் அலமாரியில் கிடந்த முகக்கவச எலாஸ்டிக்கின் வெளிச்சுற்று ஏற்கெனவே பாதி உயிரோடுதான் இருந்தது. உருண்டையின் உள்சுற்று நன்றாக இருந்ததால்தான் எல்லாமே கெடவில்லை.

கடையில் வாங்கும்போதே இதைக் கண்டுபிடிக்கலாம். எட்டு இன்ச் அளந்து, இரண்டு மடங்குக்கு இழுத்துப் பத்து முறை விட்டுவிட்டு, மறுபடி அளக்க வேண்டும். எட்டே இருந்தால் நல்லது. எட்டேகாலுக்கு மேல் போனால் வேண்டாம். இழுக்கும்போது காதருகே வைத்தால், பழைய ரப்பர் மெல்லிய நொறுங்கல் சத்தம் தரும். ஓரத்தில் முடி போல வெள்ளை இழை எட்டிப் பார்த்தாலும் விட்டுவிடலாம். வாசலில், வெயில் படும்படி தொங்கவிட்ட உருண்டையைத் தொடவே வேண்டாம்.

வகையும் முக்கியம். பின்னல் எலாஸ்டிக் இழுத்தால் அகலம் சுருங்கும், ஊசி பட்டால் பிடி குறையும். நிட்டட் எலாஸ்டிக் இழுத்தாலும் அகலம் குறையாது, ஊசியையும் தாங்கும், மென்மையாக இருக்கும். நெய்த எலாஸ்டிக் பாவாடைக்கும் கால்சட்டைக்கும் ஆகும், முடிக்கு விறைப்பு. கால் இன்ச் நிட்டட் எலாஸ்டிக், அதிலும் ஸ்பான்டெக்ஸ் என்ற செயற்கை இழை போட்டது கிடைத்தால், எண்ணெய்த் தலைக்கு அதுவே சரி. ஸ்பான்டெக்ஸ் எண்ணெயை ரப்பரை விட நன்றாகத் தாங்கும். குளோரின் மட்டும் அதற்கு ஆகாது, எனவே பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது.

தையல் விட்ட நாலும் சொல்லும் கணக்கு

தையல் விட்ட நாலுமே சாட்டின். நாலுமே ஒரே துண்டிலிருந்து வந்தவை. அந்தத் துண்டில் துணி குறைவாக இருந்ததால் 22 இன்ச்சுக்குப் பதில் 16 இன்ச் நீளம் வெட்டியிருந்தார்கள், எலாஸ்டிக்கை மட்டும் எப்போதும் போல ஒன்பது இன்ச் போட்டிருந்தார்கள்.

தையலுக்கு இரண்டு பக்கமும் கால் இன்ச் போக, துணி வளையம் பதினைந்தரை இன்ச். முடிச்சுக்குப் போக, எலாஸ்டிக் வளையம் எட்டு. ஓய்வாக இருக்கும்போது துணி அதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு, ஆகவே சுருக்கமும் பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் அடர்ந்த முடியை உள்ளே நுழைக்க நாலு விரலையும் விரிக்கும்போது எலாஸ்டிக் இரண்டு மடங்குக்கு, அதாவது 16 இன்ச்சுக்கு நீளப் பார்க்கிறது. துணியோ பதினைந்தரையில் நின்றுவிடுகிறது. அந்த நொடியிலிருந்து இழுப்பைத் தாங்குவது எலாஸ்டிக் இல்லை, நேர்த்தையல் நூல்தான். நேர்த்தையல் நீளாது, அறும். மெல்லிய முடி உள்ளவர்களிடம் போன பேண்டுகள் தப்பித்ததற்கும் இதுவே காரணம். அவர்கள் அவ்வளவு விரிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

எனவே துணி வளையம் எலாஸ்டிக் வளையத்தைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தையல் விடும். மூன்றரை தாண்டினால், அதிலும் துணி கனமாக இருந்தால், சுருக்கங்கள் ஒன்றோடொன்று நெருங்கி எலாஸ்டிக்கைத் திரும்பச் சுருங்கவே விடாது. வெல்வெட்டுக்கு இரண்டேகால் மடங்கே போதும்.

நடைமுறை அளவு மூன்று. சாதாரண முடிக்குத் துணி 4 இன்ச் அகலம், 22 இன்ச் நீளம், எலாஸ்டிக் 8 இன்ச். அரை இன்ச் ஏற்றித் தைத்தால் எலாஸ்டிக் வளையம் ஏழரை, துணி வளையம் இருபத்தொன்றரை. சிறுமிகளுக்கு 3 இன்ச்சுக்கு 16, எலாஸ்டிக் 6. முழங்கால் வரை அடர்ந்து தொங்கும் கூந்தலுக்கு நாலரைக்கு 26, எலாஸ்டிக் ஒன்பதரை. மூன்றிலும் விகிதம் கிட்டத்தட்ட 2.8-தான். துணி குறைவாக இருந்தால் எலாஸ்டிக்கையும் அதே கணக்கில் குறைத்துச் சிறுமிகள் அளவில் தைத்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் குறைப்பதுதான் கெடுதல்.

துணி எவ்வளவு வாங்குவது என்பதும் இதிலிருந்தே வரும். 44 இன்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் ஒரு மீட்டர், அதாவது 39 இன்ச் சொச்சம். அகலவாக்கில் நாலு இன்ச் பட்டையாக ஒன்பது, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினால் 18 பேண்டு. 80 சென்டிமீட்டர் பிளவுஸ் பிட்டில் 14 வரும். ஓரக்கரையை வெட்டி நீக்கினால் நீளம் இருபத்தொன்றரை ஆகும், அதனால் ஒன்றும் குடி முழுகாது. 18-க்கு எலாஸ்டிக் 144 இன்ச், நாலு கஜம். நூல் ஒரு பேண்டுக்கு இரண்டு மீட்டர் என்று கணக்கிட்டால் தட்டாது. பிளவுஸ் வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டும் தைக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஒட்டும் அரை இன்ச் நீளத்தைத் தின்னும் என்பதை முன்கூட்டியே கூட்டிக்கொள்ள வேண்டும், மூன்று ஒட்டுக்கு மேல் போனால் தடிப்புத் தட்டும்.

மறுபடி தைத்த முறை

இரண்டாம் தடவை 36 தைத்தார்கள். பழைய முறையில் முதலில் நீளக் குழாய் தைத்து, ஊக்கால் எலாஸ்டிக்கை உள்ளே இழுத்து, கடைசியில் குழாயின் வாயை வெளியிலிருந்து மூடுவார்கள். அதில் ஒரு இடத்தில் தையல் வெளியே தெரியும், அதே இடம்தான் முதலில் விடும். இந்தத் தடவை வளைய முறைக்கு மாறினார்கள். பழகும் வரை இரண்டு மூன்று வீணாகும், பழகிய பின் இதுவே வேகமானது.

துணியை முதலில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும். 22 இன்ச்சில் ஒரு இன்ச் வரை போனாலும் வியப்பில்லை, தைத்த பின் சுருங்கினால் மேலே சொன்ன விகிதம் கெடும். பட்டை வெட்டிய பின், நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு சேர, இரண்டு குட்டை முனைகளையும் இணைத்துத் தைத்தால் ஒரு துணி வளையம் கிடைக்கும். அந்தத் தையலை விரித்துத் தட்டையாக இஸ்திரி போட வேண்டும், இதைச் செய்யாமல் விட்டால் அந்த இடத்தில் ஒரு முண்டு நிற்கும். இனி வளையத்தை மேசை மேல் பரப்பி, நல்ல பக்கம் மேலே இருக்க, நடுவில் கிடக்கும் துணியைச் சுருட்டி நடுவிலேயே ஒதுக்கி, மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் அதன் மேல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சுருட்டியது உள்ளே பொதிந்திருக்கும், வெளியே இரண்டு ஓரமும் ஒன்றாகத் தெரியும், ஓலைக் கொழுக்கட்டை பொதிந்தது போல. ஓரத்திலிருந்து கால் இன்ச் விட்டுத் தைக்கத் தொடங்கி, நாலைந்து இன்ச் போனதும் நிறுத்தி, ஊசியைத் துணியிலேயே இறக்கி வைத்துவிட்டு, உள்ளே பொதிந்த துணியை மெல்ல முன்னால் இழுக்க வேண்டும். தைக்காத பகுதி தானாக வந்து முன்னே நிற்கும். ஓரங்களைச் சேர்த்து மறுபடி தைக்கலாம். இப்படியே சுற்றி வந்து, தொடங்கிய இடத்துக்கு இரண்டு இன்ச் முன்னால் கெட்டித்தையல் போட்டு நிறுத்த வேண்டும்.

உள்ளே இருக்கும் துணியும் சேர்த்துத் தைபடுவதுதான் இதில் எல்லோரும் செய்யும் பிழை. ஒவ்வொரு முறை இழுத்த பின்னும் விரலால் தடவி, ஊசியின் கீழே இரண்டு அடுக்குதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் இது நடக்காது. மூன்றாவது அடுக்கு விரலுக்குத் தெரிந்துவிடும்.

விட்ட இரண்டு இன்ச் வாய் வழியே முழுவதையும் வெளியே புரட்டினால், தையலே தெரியாத குழாய் வளையம் வரும். அந்த வாய் வழியாகவே ஊக்கில் மாட்டிய எலாஸ்டிக்கை விட்டு, மறுமுனையை இன்னொரு ஊக்கால் துணியோடு குத்தி வைத்துக்கொண்டு, சுற்றி வர இழுத்து எடுக்கலாம். மறுமுனையைக் குத்தாமல் விட்டு, கடைசி இன்ச்சில் அது உள்ளே ஓடிப்போய், முதலிலிருந்து தொடங்க வேண்டி வருவது வழக்கமான எரிச்சல். இணைப்பதற்கு முன் எலாஸ்டிக் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முறுக்கோடு தைத்தால் பேண்டு எட்டு போல மடங்கி நிற்கும், பிரிக்காமல் அதைச் சரி செய்ய வழியில்லை. இணைத்து, பத்து முறை இழுத்துப் பார்த்து, வாயைக் கையால் மறைதையல் போட்டு மூட வேண்டும். இங்கே மிஷின் ஓட்ட வேண்டாம் என்பது திட்டமாகச் சொல்ல வேண்டிய கருத்து. கைத்தையல் என்றால் ஒரு வருடம் கழித்து எலாஸ்டிக் தளரும்போது வாயைப் பிரித்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். துணி அதற்குள் சாகாது.

ஊசி, பருத்திக்கு 14-ஆம் எண், சாட்டினுக்கு 11. சாட்டினில் 14 போட்டால் ஒவ்வொரு குத்திலும் நூல் இழுபட்டு வரி விழும்.

பிசிறும் சாயமும்

சாட்டின் பிசிறியதற்குக் காரணம் எளிது. கால் இன்ச்சுக்கும் குறைவாக விட்டுத் தைத்திருந்தார்கள். சாட்டினுக்கும் ஆர்கன்சாவுக்கும் அரை இன்ச் விட்டு, பட்டையையும் அதற்கேற்ப அரை இன்ச் கூடுதல் அகலமாக வெட்ட வேண்டும். பாலியஸ்டர் சாட்டினின் ஓரத்தை விளக்குச் சுடருக்குப் பக்கவாட்டில், தொடாமல் ஒரு முறை ஓட்டினால் இழை உருகி ஒட்டிக்கொள்ளும். ரிப்பன் முனைக்குச் செய்வது போலத்தான். பட்டுக்கும் பருத்திக்கும் இது ஆகாது, அவை உருகாது, எரியும்.

சாயம் ஒட்டிய இரண்டும் மெரூன் ரூபியா. இரண்டையும் வாங்கியவர்கள் மேலே பிச்சிப்பூ சுற்றியிருந்தார்கள். தோவாளையிலிருந்து வரும் பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தே விற்பார்கள். அந்த ஈரம் நாளெல்லாம் பேண்டில் இறங்கி, சாயத்தை வெள்ளைச் சட்டைக் காலருக்குக் கொண்டுபோயிருக்கிறது. தைக்கும் முன் துணி முனையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தாலே தெரிந்திருக்கும். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று பரவலாக நம்புகிறார்கள். சாயமேற்றும் போது உப்பு உதவும். நெய்து, சாயமேற்றி, கடைக்கு வந்த துணியில் அது புதிதாக எதையும் பிடித்து வைக்காது. மிஞ்சிய சாயம் போகும் வரை மூன்று நாலு தண்ணீர் அலசுவதே வழி. அதற்குப் பிறகும் விட்டால் அந்தத் துணி முடிக்கு வேண்டாம்.

உலர்த்துவதும் இந்த மாவட்டத்தில் ஒரு கவலைதான். ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை போய் மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு மழை வந்துவிடும். இரண்டு அடுக்குத் துணியும் உள்ளே எலாஸ்டிக்குமாக இருக்கும் ஸ்க்ரஞ்சி வெளியே உலர்ந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும், மூன்றாம் நாள் மக்கிய வாடை அடிக்கும். ஈரத் தலையில் கெட்டக் கூடாது, துவைத்தால் துண்டில் பொதிந்து அழுத்தி, நிழலில் காற்றோட்டமாகப் போட வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, பேண்டோடு கட்டிக் கொடுப்பது நல்லது. வெயிலில் காய வைத்தால் வாடை போகும், ரப்பரும் போகும்.

கிளிப், லேஸ், பசை

அதே கடைக்குத் துணிப்பூ வைத்த கிளிப்பும் போயிருந்தது. அவை திரும்பவில்லை, ஆனால் இரண்டு குறை காதுக்கு வந்தது. க்ளூ கன் பசையால் ஒட்டிய பூ, வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்தால் இளகிக் கழன்றது. எண்ணெய் பட்டாலும் அந்தப் பசை பிடி விடும். பூவை முதலில் ஒரு வட்டத் துணியில் தைத்து, அந்த வட்டத்தைக் கிளிப்பில் சுற்றிய ரிப்பனோடு ஊசியால் தைத்துவிட்டால் பசையே தேவையில்லை. இரண்டாவது, குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் இரும்பு டிக் டாக் கிளிப் துருப்பிடித்து, துணியில் கறை இறக்கியது. துருக் கறை துவைத்துப் போவதில்லை. கிளிப்பின் மேல்பக்கத்தை மட்டும் மூடாமல், இரண்டு கையையும் ஒரு சென்டிமீட்டர் ரிப்பனால் முழுக்கச் சுற்றிவிட வேண்டும்.

ஓரத்தில் லேஸ் வைப்பவர்கள் நைலான் லேஸை விட்டுவிட்டுப் பருத்தி லேஸ் தேடுவது நல்லது. நைலான் முடியில் சிக்கும், வியர்வையில் அரிக்கும். நாகர்கோவிலுக்கு லேஸ் புதிதல்ல. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1821-ல் இங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், 200 வருடத்துக்கு மேலான கைவேலை. வளைய முறையில் நீள ஓரத்தைத் தைக்கும்போது, லேஸின் அலங்கார ஓரம் உள்நோக்கி இருக்க இரண்டு அடுக்குக்கும் நடுவில் வைத்துத் தைத்தால், புரட்டியதும் அது வெளியே வந்து நிற்கும்.

ஸ்க்ரஞ்சிக்கு அமெரிக்காவில் ரோமி ரெவ்சன் 1987-ல் காப்புரிமை பெற்றதே, அன்றைய உலோகம் வைத்த பேண்டுகள் முடியை அறுத்ததால்தான். அதை நினைத்தால், கசவு பேண்டில் நடந்த ஒரு தவறு கூடுதலாக வருத்துகிறது. அந்த 12-ல் ஒன்றுகூடத் திரும்பவில்லை, ஆனால் வாங்கியவர்களில் சிலர் ஜரிகை முடியை இழுக்கிறது என்றார்கள். சாதாரணக் குழாயில் துணி எலாஸ்டிக்கைச் சுற்றிப் புரண்டுகொண்டே இருக்கும், ஜரிகை எப்போது வேண்டுமானாலும் உட்பக்கம் வந்துவிடும்.

இதற்குத் தனி வழி உண்டு. கசவு ஓடும் நீளவாக்கிலேயே 22 இன்ச் வெட்டி, கசவு நாலு இன்ச் அகலத்தின் நடுவில் வருமாறு பட்டையை அமைக்க வேண்டும். வளைய முறையில் தைத்துப் புரட்டிய பின் குழாய் ஒன்றேமுக்கால் இன்ச் தட்டையாக இருக்கும். ஒரு பக்கம் தையல், எதிர்ப்பக்கம் கசவு. தையல் ஓரத்திலிருந்து அரை இன்ச் தள்ளி, சுற்றி வர இன்னொரு தையல் போட்டால் எலாஸ்டிக்குக்கு ஒரு தனிப் பாதை கிடைக்கும். எலாஸ்டிக் அதற்குள்ளேயே ஓடும், துணி புரளாது, கசவு எப்போதும் வெளி விளிம்பில் அலையாக நிற்கும். பாதை அரை இன்ச்சுக்குக் குறைந்தால் கால் இன்ச் எலாஸ்டிக் உள்ளே மடங்கிக்கொள்ளும்.

இரண்டாம் தடவை தைத்த 36-ல் மழைக்காலம் முடியும் வரை வந்த குறை இரண்டு. இரண்டுமே சாட்டின். தொங்கவில்லை, தையலும் விடவில்லை. எண்ணெய்த் தலையில் நிற்காமல் வழுக்கி இறங்குகிறது. சாட்டினின் வழவழப்புதான் முடியை அறுக்காமல் காக்கிறது, அதே வழவழப்புதான் பிடியையும் குறைக்கிறது. எலாஸ்டிக்கை இறுக்கினால் தலைவலி வரும். இப்போது அவர்கள் செய்து பார்ப்பது பாதிக்குப் பாதி. சாட்டினில் ஒன்று, அதே நிற ரூபியாவில் ஒன்று என இரண்டேகால் இன்ச் அகலத்தில் இரண்டு பட்டை வெட்டி, நீளவாக்கில் இணைத்து ஒரே பட்டையாக்கி, வழக்கம் போல வளையம் தைப்பது. முடிந்த அகலம் அதே ஒன்றேமுக்கால்தான் வரும். அது எந்தப் பக்கம் புரண்டாலும் சுருக்கத்தின் ஏதோ ஒரு மடிப்பில் பருத்தி முடியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பிசிறுக்காகச் சாட்டின் பக்கத்தில் மட்டும் கால் இன்ச் கூட்டி வெட்டுகிறார்கள்.